இரண்டாவது தடவையும் கேள்

மே 4, திங்கள்

சங்க ஆபீசைப் பெருக்கி, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தபோது ரேணுப்ரியா இந்த நோட்டைக் கொடுத்தாள். தினம் நாலு வரி எழுதுங்கள், எழுத எழுதக் கை பழகும் என்றாள். நான் ஆறாவது வரைக்கும் போனவள். ரேஷன் கடைப் பலகை படிப்பேன், டோக்கன் சீட்டில் படகு நம்பர் எழுதுவேன். அதற்கு மேல் எழுத வேலை வந்ததில்லை.

என் பேர் பூங்காவனம். வயசு நாற்பத்து மூன்று. வீட்டுக்காரர் அஞ்சப்பன், விசைப்படகு டிரைவர். மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி கடலுக்குப் போனவர் வரவில்லை. படகில் நாலு பேர். நாலு பேரும் இல்லை.

இப்போது மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையில் கிடக்கிறது. ஜூன் பதினைந்து விடியும்போதுதான் போகும். அதற்குள் கரைத்துணையைத் திருத்த வேண்டும் என்று சங்கத்தில் முடிவு. கரைத்துணை என்பது போனில் பேசுகிற கம்ப்யூட்டர். வீட்டுப் பெண்கள் கூப்பிட்டு எங்கள் படகு எங்கே என்று கேட்டால் பதில் சொல்லும். அதைச் செய்த கம்பெனியிலிருந்து வந்திருப்பவள்தான் ரேணுப்ரியா. கூப்பிட்டுப் பேசிப் பழகிய பெண் ஒருத்தி கூட இருந்தால் நல்லது என்று கேட்டாளாம். மற்றவர்கள் அந்தப் பேச்சை எடுத்தாலே காறித் துப்புகிறார்கள். நான் எப்படியும் தினம் இங்கே பெருக்க வருகிறவள். சரி என்றேன்.

மே 5, செவ்வாய்

கை வலிக்கிறது. துடைப்பம் பிடித்து வலித்ததில்லை, பேனா பிடித்து வலிக்கிறது.

மே 7, வியாழன்

இன்று ரேணு விளக்கமாகச் சொன்னாள். "அதுக்குக் கண்ணு கெடையாதுக்கா. அதுகிட்ட நாலு டூல் குடுத்திருக்கோம். ஒண்ணு படகு எடம் பாக்குறது, ஒண்ணு காத்து மழை பாக்குறது, ஒண்ணு படகுக்குச் சேதி அனுப்புறது, ஒண்ணு அவசரம்னு ஆளக் கெளப்புறது. எதை எப்ப எடுக்கணும்னு அதுவா முடிவு பண்ணும். ஒவ்வொரு டூலுக்கும் பக்கத்துல நாம ஒரு குறிப்பு எழுதி வச்சிருப்போம். அதுதான் அதுக்கு வேதம்."

பழகுவதற்காக, துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற மெஷினைப் பற்றி எழுதச் சொன்னாள். அதைப் பார்க்காதவள் படித்தாலும் ஓட்ட வேண்டுமாம். எழுதினேன். பாளத்தை வாயில் வை, சுவிட்சைப் போடு, கீழே கூடையைப் பிடி. படித்துவிட்டுச் சிரித்தாள்.

"கைய எடுத்துட்டு சுவிட்ச் போடுன்னு எழுதலயே. என் கை போயிருக்கும்."

"அது எல்லாருக்கும் தெரியுமே பாப்பா."

"எனக்குத் தெரியாதே!"

வீட்டுக்கு வந்தும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்தவன் எழுதும்போது தெரிந்ததைத்தான் விட்டுவிடுகிறான்.

மே 8, வெள்ளி

பழைய குறிப்பைக் காட்டினாள். முதல் டூலுக்கு ஒரே வரி. "படகு இடம்: படகின் இருப்பிடத்தைத் தரும்."

அவ்வளவுதான். இதைப் படித்துத்தான் அது எனக்குப் பதில் சொல்லியிருக்கிறது.

அவர் போனது திங்கள். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டேன். "படகு கரையிலிருந்து தென்கிழக்கே பத்தொன்பது மைலில் இருக்கிறது" என்றது. மத்தியானம் கூப்பிட்டேன். பத்தொன்பது மைலில் இருக்கிறது. சாயங்காலம் கூப்பிட்டேன். பத்தொன்பது மைலில் இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்றது. இனிமையான குரல்.

படகில் ஒரு சிக்னல் பெட்டி உண்டு. அது அனுப்புகிற இடம்தான் சங்கத்துத் திரையில் புள்ளியாகத் தெரியும். பெட்டி பேச்சை நிறுத்திவிட்டால் கடைசிப் புள்ளி அப்படியே நிற்கும். அது திங்கள்கிழமைப் புள்ளி. திங்கள் சாயங்காலம் அந்தப் பக்கம் சுழிக்காற்று அடித்தது என்று புதன்கிழமை கரைக்கு வந்த படகுக்காரர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் தேடப் போனார்கள்.

மே 12, செவ்வாய்

மூன்று நாள் எழுதி எழுதிக் கிழித்தேன். இன்று முடித்தது:

"படகு இடம்: சிக்னல் பெட்டி கடைசியாகப் பேசியபோது படகு எங்கே இருந்தது என்று காட்டும். இப்போது எங்கே இருக்கிறது என்று காட்டாது. மைலைச் சொல்லும் முன் மணியைச் சொல். ஒரு மணி நேரத்துக்கு மேல் பழசாக இருந்தால் படகு அங்கே இருக்கிறது என்று சொல்லாதே. தெரியவில்லை என்று சொல். கவலைப்படாதீர்கள் என்று ஒருபோதும் சொல்லாதே."

ரேணு இரண்டு தடவை படித்தாள். "எங்க ஆபீஸ்ல எல்லாரும் இது என்னென்ன செய்யும்னுதான் எழுதுவாங்க. என்ன செய்யாதுன்னு எழுதவே மாட்டாங்கக்கா" என்றாள். டீ வாங்கிக் கொடுத்தாள். இரண்டு மாதத்தில் இன்றுதான் டீ இனித்தது. உடனே அதற்கும் வெட்கமாக இருந்தது.

மே 15, வெள்ளி

தையல்நாயகி ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். அவள் புருஷன் முருகையன் என் வீட்டுக்காரர் படகில் வலை ஆள். அவளுக்கு முப்பத்தொரு வயசு.

"என்னாக்கா, எமனுக்குப் பாடஞ் சொல்லிக் குடுக்குறியாமே? எம் புருசன முழுங்குனது பத்தலன்னு இன்னும் நல்லா முழுங்கக் கத்துக்குடுக்குறியா?"

ரேணு எழுந்து நின்றுவிட்டாள். அவள் முகம் சுண்டிப்போனது.

"திருத்துனா இன்னொருத்தி பொழைப்பாடி" என்றேன்.

"ஒன் வாயில சர்க்கரை. எனக்கென்னா வந்துச்சு?" முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

ரேணுவுக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது. நாலு பேரில் உடம்பு கிடைத்தது முருகையன் ஒருவனுடையதுதான். ஐஸ் பெட்டியில் தன்னைக் கயிற்றால் கட்டிக்கொண்டு மிதந்திருக்கிறான். வெள்ளிக்கிழமை எடுத்து வந்தார்கள். அறுத்துப் பார்த்த டாக்டர் புதன்கிழமை காலை வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்றார்.

செவ்வாய்க்கிழமை யாராவது போயிருந்தால்.

மே 16, சனி

அவர் போகும்போது விசேஷமாக ஒன்றும் சொல்லவில்லை. எப்போதும் போலத்தான் போனார்.

மே 20, புதன்

அவசர டூலுக்குக் குறிப்பு எழுதினேன். இதை எடுத்தால் கடலோரக் காவலுக்கும் சங்கத்துக்கும் தகவல் போய்த் தேடுவதற்குப் படகு கிளம்பும். "கூப்பிடுகிற பெண் பயந்துபோய்ப் பேசினால் உடனே அனுப்பு" என்று எழுதிவைத்தேன்.

பழைய போன் பேச்சு முப்பத்திரண்டை எடுத்து அதற்குக் கொடுத்துப் பார்த்தாள் ரேணு. முப்பத்தொன்றுக்கு அவசரம் என்று ஆளைக் கிளப்பியது. மீதி ஒன்று தப்பு நம்பர்.

"எல்லாரும் பயந்துதான் பேசுறாங்கக்கா" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"கடலுக்கு அனுப்பிட்டுப் பயப்படாதவ எங்கடி இருக்கா?"

இருவரும் சிரித்தோம். அவள் சிரித்து முடித்த பிறகு எனக்கு நிற்கவில்லை. பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மே 22, வெள்ளி

ரேணு திரையைக் காட்டினாள். "பெட்டி ரிப்பேரானாலும் புள்ளி நிக்கும். படகு முழுகுனாலும் புள்ளி நிக்கும். அவங்களே வேணும்னு அமத்துனாலும் புள்ளி நிக்கும். மூணும் இதுக்கு ஒரே மாதிரிதான்க்கா. எது எதுன்னு பிரிச்சுச் சொல்ல யாருக்குத் தெரியும்?"

எனக்கென்ன தெரியும் என்றேன்.

பிறகு பழைய பேச்சுகளைப் போட்டுக் கேட்டாள். என்னுடையதும் வந்தது. மத்தியானம் கூப்பிட்டது. "படகு பற்றி வேறு ஏதாவது தகவல் உங்களிடம் இருக்கிறதா?" என்று அது கேட்கிறது. சத்தமே இல்லை. பிறகு என் குரல், "ஒண்ணுமில்ல" என்கிறது.

"நடுவுல ஆறு செகண்ட் காலியா இருக்கே. லைன் கட்டாயிருச்சோ?"

"ஆமா. அன்னைக்கு டவர் சரியில்ல."

அதையும் குறித்துக்கொண்டாள்.

மே 26, செவ்வாய்

பெட்டியை வேண்டுமென்று அணைக்கிற பழக்கம் இங்கே உண்டு. எழுதிவைக்கிறேன், ரேணு கேட்டால் சொல்ல உதவும். எந்தப் படகு எங்கே நிற்கிறது என்று சங்கத்துத் திரையில் எல்லா முதலாளியும் பார்க்கலாம். ஒருவனுக்கு மீன் பட்டால் அரை நாளில் பத்துப் படகு அங்கே வந்துவிடும். அதனால் நல்ல இடம் கண்ட டிரைவர் பெட்டியை அமர்த்திவிட்டுப் போவான். இரண்டு வருஷம் முன்னால் சங்கத்தில் கட்டுப்பாடு போட்டார்கள். பெட்டியை அமர்த்தியது தெரிந்தால் முப்பது நாள் டோக்கன் கிடையாது. டோக்கன் இல்லாமல் படகு நகராது.

அதனால் யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள்.

பல பேர் செய்கிறார்கள். நான் பொதுவாகச் சொல்கிறேன்.

ஜூன் 1, திங்கள்

என் தம்பி கண்ணையன் வந்திருக்கிறான். பொண்டாட்டி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறாள். தடை முடிகிற வரைக்கும் என் வீட்டில் சாப்பாடு. புதுப் படகில் டிரைவராகச் சேர்ந்திருக்கிறான். இந்த நோட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னாக்கா, கலெக்டருக்குப் படிக்கிறியா? எனக்கு ஒரு பட்டா போட்டுக் குடு" என்றான். பிடுங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன்.

ஜூன் 4, வியாழன்

மத்தி வாங்கிக் குழம்பு வைத்தேன். தம்பி மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். எனக்கு இறங்கவில்லை.

ஜூன் 5, வெள்ளி

சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னான். "அக்கா, தடை முடிஞ்சு போற திங்கக்கெழம மத்தியானத்துக்கு மேல பெட்டி அமந்துரும். ஒரு எடம் பாத்து வச்சிருக்கேன். செவ்வா காலைல ஆறு மணிக்குப் போட்டுடுவேன். பதறிப்புட்டு யார்கிட்டயும் வாயத் தொறக்காத."

என் கையில் இருந்த சொம்பைக் கீழே வைத்தேன்.

"வேணாண்டா."

"எல்லாரும் பண்றதுதானே."

"நீ அமத்துனா நான் சொல்லிப்புடுவேன்."

"நீ எங்க சொல்லப் போற" என்று சிரித்தான்.

மே பதினாறாம் தேதி இந்த நோட்டில் எழுதியது பொய். வீட்டுக்காரரும் இப்படிச் சொல்லிவிட்டுத்தான் போனார். வாசலில் நின்று, செருப்பை மாட்டிக்கொண்டு, மத்தியானம் பெட்டியை அமர்த்துவேன், காலையில் ஆறு மணிக்குப் போடுவேன், யாரிடமும் மூச்சு விடாதே என்றார். செவ்வாய் காலையில் பத்தொன்பது மைல் என்றதும் சரி, பெட்டியைப் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். மத்தியானமும் பத்தொன்பது என்றது. திரும்பி வருகிற படகு அஞ்சு மணி நேரம் நின்ற இடத்தில் நிற்குமா? எனக்கு அப்போதே தெரிந்துபோயிற்று. லைன் கட்டாகவில்லை. அந்த ஆறு செகண்டும் நான் டோக்கனை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து திட்டுவாரே என்று நினைத்தேன்.

அப்போது முருகையன் ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறான். இவர் எங்கே என்று எனக்குத் தெரியாது.

ஜூன் 6, சனி

அவசர டூலுக்கு எழுதியது:

"பெட்டி பேசாமல் போனால் ஏன் என்று உனக்குத் தெரியாது. கூப்பிடுகிற பெண்ணுக்குத் தெரிந்திருக்கலாம். கேள்: கிளம்பும்போது வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போனார்? எப்போது அமர்த்துவேன், எப்போது போடுவேன் என்று சொன்னாரா? முதலில் இல்லை என்பாள். நம்பாதே. இரண்டாவது தடவையும் கேள். போடுவேன் என்ற மணி தாண்டி அரை மணி ஆகியும் பெட்டி பேசாவிட்டால் ஆளைக் கிளப்பு. விடிய வேண்டும், மற்ற படகு வர வேண்டும் என்று காத்திராதே."

ரேணு படித்தாள். "முதல்ல இல்லைம்பாங்கன்னு எப்படிக்கா அவ்வளவு உறுதியா..." என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். அவளுக்கும் அந்த ஆறு செகண்ட் ஞாபகம் வந்திருக்கும்.

நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு, எழுத்துப் பிழையை மட்டும் திருத்தினாள்.

ஜூன் 8, திங்கள்

சங்கத் தலைவரிடம் போனோம். பெண் வாயைத் திறந்து சொன்னால் அந்தப் படகுக்கு டோக்கன் நிறுத்தக் கூடாது என்று கேட்டேன்.

"ஏம்மா, அப்பறம் எவன் பெட்டியப் போட்டு வைப்பான்? ஆளாளுக்கு அமத்திட்டுப் போய்ப் பொண்டாட்டிய விட்டுச் சொல்ல வைப்பான். கட்டுப்பாடுன்னா கட்டுப்பாடுதான்."

வெளியே வந்து ரேணுவிடம், டோக்கன் நிற்காது என்று அதைச் சொல்ல வைத்துவிடு, சொன்னால்தானே பிழைப்பான் என்றேன்.

"பொய் சொல்லச் சொல்லி எழுதக் கூடாதுக்கா. ஒரு தடவ தெரிஞ்சா அப்பறம் எவளும் நம்ப மாட்டா."

அதனால் இரண்டாவது தடவை அது சொல்ல வேண்டியதை இப்படி எழுதினேன்: "சொன்னால் டோக்கன் நிற்கும். அது உண்மை. சொல்லாவிட்டால் தேட யாரும் கிளம்ப மாட்டார்கள். அதுவும் உண்மை. அவர் என்ன சொல்லிவிட்டுப் போனார்?"

ஜூன் 10, புதன்

தையல்நாயகி வீட்டுக்குப் போனேன். கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை, நானே உட்கார்ந்தேன். அவர் சொல்லிவிட்டுப் போனதையும் நான் மறைத்ததையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் கை நிற்கவில்லை.

அடிப்பாள் என்று நினைத்தேன்.

"எனக்கும் தெரியும்" என்றாள்.

"என்னாடி?"

"எங்கிட்டயும் சொல்லிப்புட்டுதான் போனாரு. எங்கிட்ட மட்டுமா? நாலு வூட்லயும் தெரியும். நீ டிரைவர் பொண்டாட்டி, நீ சொல்லுவேன்னு நான் வாய மூடிக்கிட்டிருந்தேன். நீ சொல்லல. புதங்கெழம வரைக்கும் எம் புருசன் ஒத்தையில கெடந்தாரு."

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"எனக்கு அந்த மெசினுதான் வேணும்க்கா. அதத் திட்டிக்கிட்டு இருந்தா எனக்குச் சோறு எறங்குது. நீ ஏன் வந்து சொன்ன? இனிமே யாரத் திட்டுவேன்?"

இனி இந்த வாசல் மிதிக்காதே என்றாள். எழுந்து வந்தேன்.

ஜூன் 13, சனி

அதே முப்பத்திரண்டு பேச்சு, மறுபடியும். பதினொன்றில் சரியாகக் கேள்வி கேட்டது. அதில் இரண்டில் ஆளைக் கிளப்பியது. மற்றதில் பெட்டி பேசிக்கொண்டிருந்தது, மணியையும் மைலையும் மட்டும் சொன்னது. ஆளைக் கிளப்பிய இரண்டில் ஒன்று என்னுடையது. எனக்குப் பதிலாக ரேணு உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். அவள் சொல்லி முடிக்குமுன் ஆளைக் கிளப்பிவிட்டது.

ஜூன் 15, திங்கள்

விடியுமுன் எல்லாப் படகும் போயிற்று. தம்பி போகும்போது என்னைப் பார்க்கவில்லை. நானும் வாசலுக்குப் போகவில்லை.

ஜூன் 16, செவ்வாய்

விடியும்போதே ஆபீசுக்குப் போய்த் திரை முன்னால் உட்கார்ந்தேன். ஆறு மணிக்குத் தம்பி படகுப் பெட்டி பேசவில்லை. ஆறேகாலுக்குப் பேசவில்லை. புள்ளி நேற்று ஒன்றரை மணியில் நின்றது. ரேணு இன்னும் வரவில்லை. ஏழு மணிக்கு நான் கூப்பிட்டேன்.

"சிக்னல் பெட்டி கடைசியாகப் பேசியது நேற்று பகல் ஒன்றரை மணிக்கு. அப்போது இருபத்திரண்டு மைலில் இருந்தது. இப்போது எங்கே என்று எனக்குத் தெரியவில்லை" என்றது. பிறகு கேட்டது. "கிளம்பும்போது வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போனார்?"

நான் எழுதிய கேள்வி. அது வரும் என்று தெரிந்துதான் போனை எடுத்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"ஒண்ணும் சொல்லல" என்றேன்.

என் வாய்தான் சொன்னது. எப்படி வந்தது என்று தெரியவில்லை. பிள்ளை பிறக்கப் போகிறது, முப்பது நாள் கரையில் உட்கார்ந்தால் என்ன செய்வான் என்று தோன்றியது. ஒரு வேளை மீன் பட்டிருக்கும், வந்துவிடுவான் என்று தோன்றியது. போனை வைத்துவிடலாம் என்று காதிலிருந்து எடுத்துவிட்டேன்.

அது விடவில்லை. சொன்னால் டோக்கன் நிற்கும், அது உண்மை என்று ஆரம்பித்தது. முழுவதும் சொன்னது. பிறகு மறுபடியும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தது.

சொன்னேன். மத்தியானம் அமர்த்துவேன், ஆறு மணிக்குப் போடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனான், என் தம்பி, பேர் கண்ணையன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு மணி நாலு நிமிஷத்துக்குத் தகவல் போயிற்று. ஏழே முக்காலுக்கு இரண்டு படகு கிளம்பியது.

ஜூன் 17, புதன்

தம்பி படகைக் கண்டுபிடித்தது நேற்று பதினோரு மணிக்கு. ஒன்றும் ஆகவில்லை. மீன் விழுந்துகொண்டே இருந்ததாம், பெட்டியைப் போட மறந்துவிட்டானாம். தேடிப் போனவர்கள் கூடவே கரைக்குக் கூட்டி வந்தார்கள். துறைமுகம் முழுக்க நின்று வேடிக்கை பார்த்தது. தலைவர் அங்கேயே டோக்கன் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். முதலாளி இவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

தம்பி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டான். தெருவில் பெண்கள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறார்கள். கூடப் பிறந்தவளே காட்டிக்கொடுத்தாள் என்று என் காதில் விழச் சொன்னாள் ஒருத்தி. குறிப்பில் ஏதாவது மாற்ற வேண்டுமா என்று ரேணு கேட்டாள். வேண்டாம் என்றேன்.

இப்போது சாயங்காலம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தட்டி மறைப்புதான். சித்தப்பா வீட்டில் உட்கார்ந்துகொண்டு தம்பி என்னைத் திட்டுகிறான். இவளெல்லாம் ஒரு அக்காவா, இவ கையால இனிமே பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன் என்கிறான். நடுநடுவே இருமுகிறான். தொண்டை கட்டியிருக்கிறது. மறுபடியும் முதலிலிருந்து திட்டுகிறான்.

அடுப்பை அணைத்துவிட்டேன், எரிகிற சத்தத்தில் அவன் குரல் சரியாகக் கேட்கவில்லை என்று.